திண்ணை மணல்

கல்லிடைக்குறிச்சியில் இறங்கித் தெருவுக்குள் திரும்பினால் உங்களுக்கும் அப்பள மாவு வாசம்தான் முதலில் வரும், இல்லையா? எனக்கு அதோடு கோவையிலை வாசமும் சேர்ந்தே வரும். வேலிக் கோவையைப் பறித்து, அடுப்புக்கரி சேர்த்துக் கசக்கிச் சிலேட்டில் தேய்ப்போம். வெயிலில் காய்ந்ததும் கன்னங்கரேலென்று மின்னும். புதுப் பலப்பம் பட்டால் ஒரு கிறீச்சல், பல் கூசும்.

சிலேட்டுக்கும் முந்தியது மணல். தாமிரபரணியில் அள்ளிவந்து சலித்த மணலை ஆச்சி திண்ணையில் பரப்பி வைத்திருப்பாள். விஜயதசமிக்குத் தாம்பாளத்து நெல்லில் எழுதவைத்ததோடு அவள் விட்டுவிடவில்லை. விளக்கு வைக்குமுன் மடியில் இருத்தி, என் ஆள்காட்டி விரலைத் தன் கைக்குள் பொத்திக்கொள்வாள். வெற்றிலை மணக்கும் கை. முதலில் பிள்ளையார் சுழி. பிறகு ஆனா. "சுழிச்சுக்கோ, வளைச்சுக்கோ, இழுத்துட்டு நேரா இறக்கு ராசா." சாரல் நாளில் மணல் சில்லென்று விரலில் அப்பும். எழுதி முடித்ததும் அவளே உள்ளங்கையால் நிரவிவிடுவாள். உயிரெழுத்து 12-ஓடு அவள் பாடம் முடிந்தது.

மிச்சம் பள்ளிக்கூடத்தில். டீச்சர் எழுதித்தந்த எழுத்தின் மேலேயே எழுதி எழுதி அது தடித்துப்போகும். எச்சில் தொட்டு அழித்தால் பிரம்பு பேசும். எந்தச் சொல்லிலும் பார்த்தறியாத ஙி, ஙீ-யைக்கூட ராகம் போட்டுக் கத்துவோம். தெருமுனை வரை கேட்கும்.

1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கையை இழந்திருந்தன. நான் படித்தது புது எழுத்து. ஆச்சிக்கு மனசு ஆறவே இல்லை. "யானையைப் போயி தும்பிக்கை இல்லாம எழுதுவாகளா?" என்பாள்.

திண்ணை இருந்த இடத்தில் இப்போது இரும்பு ஷட்டர். மணல் அள்ளிய துறையில் அமலைச்செடி மண்டிக் கிடக்கிறது. கோவைக்கொடிக்கு வேலியும் இல்லை.

அவள் எழுதிய கார்டுகளில் இரண்டு மிச்சம். உச்சியில் பிள்ளையார் சுழி, கீழே 'முருகன் துணை'. அந்தப் பழைய ணையின் மேல் சில ராத்திரிகளில் விரலை வைத்துப் பார்க்கிறேன். எங்கே தொடங்கி எப்படிச் சுழிப்பதென்று விரலுக்குத் தெரியவில்லை.