பச்சை விளக்கும் ஓடாத டெஸ்ட்டும்

2024 அக்டோபர் 12, சனி

நேற்று ஆயுத பூஜை. இரவு எட்டரை மணிவாக்கில் சென்னை அருகே கவரைப்பேட்டையில் மைசூரு-தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. உயிரிழப்பு இல்லை. சிக்னல் மெயின் லைனுக்குப் பச்சை. வண்டி புகுந்ததோ, சரக்கு ரயில் நின்ற பக்கத்து லூப் லைனில். கும்மிடிப்பூண்டி மார்க்கமே முடங்கிக் கிடக்கிறது.

அக்டோபர் 13

விபத்தின் காரணம் விசாரணையில் இருக்கிறது. ஊகம் வேண்டாம்.

அக்டோபர் 17

கவரைப்பேட்டையில் விழுந்த அந்தப் பச்சைதான் மனதை அறுக்கிறது. என் தொழிலிலும் அப்படி ஒரு பச்சை உண்டு. ரிலீஸ் நெருங்கும்போது நிரலின் ஒரு பகுதியைச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் ஃபெயில் ஆனால், "இப்போதைக்கு ஸ்கிப் பண்ணிடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது மென்பொருள் அலுவலகங்களில் சாதாரணப் பேச்சு. ஜேயூனிட் என்ற டெஸ்ட் கருவியில் டெஸ்ட்டின் தலைமேல் 'டிசேபிள்டு' என்று ஒரு வரி போதும். நிரலைத் தொகுத்து பில்ட் செய்யும் மேவனில் 'ஸ்கிப்டெஸ்ட்ஸ்' என்று சேர்த்தால் ஒரு டெஸ்ட்டும் ஓடாது. ஆனாலும் பில்ட் பச்சையாகவே வரும். ஸ்கிப் செய்ததைவிட, அதன் பிறகும் எல்லாம் சரி என்று காட்டும் இந்தப் பச்சையே எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. ரயில்வேயிலும் பாதுகாப்பைத் தற்காலிகமாகக் கழற்றுகிறார்கள். ஆனால் சிக்னல் ஊழியர் முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்‌ஷன் மெமோவில் கையெழுத்து வாங்க வேண்டும். தண்டவாளம் மாற்றும் பாயின்ட்டைக் கிளாம்ப் போட்டுப் பூட்டி, வண்டியை மெதுவாக விடுவார்கள். வேலை முடிந்து சோதித்த பிறகே ரீகனெக்‌ஷன் மெமோ. இந்த ஒழுங்கு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 2023 ஜூன் 2 சாட்சி. பாலசோர் அருகே, சென்னைக்கு வரவேண்டிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ், மெயின் லைனுக்குப் பச்சை விழுந்தும் லூப் லைனில் புகுந்தது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். லெவல் கிராசிங் வேலையில் சிக்னல் வயர்களைத் தவறாக இணைத்ததே காரணம் என்றது ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அறிக்கை.





அக்டோபர் 23

ஸ்கிப்பைக் குறைசொல்வதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சில டெஸ்ட்டுகள் ஒருநாள் பாஸ், மறுநாள் ஃபெயில். அவற்றை விட்டுவைத்தால் சிவப்பையே யாரும் மதிக்க மாட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன், அவற்றை ஸ்கிப் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஜேயூனிட்டில் அதற்குக் காரணம் எழுத இடமிருந்தும் கட்டாயமில்லை. பைடெஸ்ட் என்ற இன்னொரு டெஸ்ட் கருவியில் 'எக்ஸ்ஃபெயில்' என்று குறித்து 'ஸ்ட்ரிக்ட்' சேர்த்தால், ஃபெயில் ஆகவேண்டிய டெஸ்ட் பாஸ் ஆன அன்றே பில்ட் சிவக்கும். குறியை எடுத்தே ஆகவேண்டும். வழி இருக்கிறது, பழக்கம்தான் இல்லை. ரிலீஸ் அவசரம் என்ற வாதம் பலவீனமானது. அவசரத்தில்தானே கை தவறுகிறது?

நவம்பர் 2

ஸ்கிப்பை நீக்க ஒரு கெடு தேதி போட்டாலும் அதையே தள்ளிக்கொண்டு போவார்களே? இதற்கு விடை தெரியவில்லை. ஆனாலும் ஸ்கிப் செய்கிறவர்கள் காரணம், பொறுப்பாளர் பெயர், கெடு தேதி மூன்றையும் எழுதுங்கள். கெடு தாண்டினால் பில்ட்டைச் சிவப்பாக்குங்கள்.