தலை சொன்ன பதில்

"ரிலா?" என்று கேட்டேன். ஓட்டுநர் தலையை இடமும் வலமுமாக அசைத்தார். இல்லையாம். பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் பஸ் கிளம்பியது. அதன் நெற்றியில் இருந்த சிரிலிக் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி 'ரிலா' என்று நான் படித்து முடிப்பதற்குள் வளைவில் திரும்பி மறைந்தது. சோஃபியாவிலிருந்து ரிலா மடாலம் 120 கிலோமீட்டர். நேர் பஸ் அடிக்கடி கிடையாது. அன்றைய திட்டம் அதோடு சரி.

பல்கேரியாவில் 'ஆம்' என்றால் தலை பக்கவாட்டில் ஆடும், 'இல்லை' என்றால் மேலும் கீழும் போகும் என்பதைப் படிக்காமல் ஒன்றும் நான் விமானம் ஏறவில்லை. படித்துச் சிரித்தும் இருந்தேன். ஆனால் அந்த நொடியில் அது எங்கே போனதோ! 'தா' என்றால் ஆம், 'நே' என்றால் இல்லை என்று சொற்களை மட்டும் உருப்போட்டிருந்தேன். பாஷை புரியாது என்று தெரிந்தால் காதைத் தீட்டிக்கொள்கிறோம். தலையசைப்பு எங்கும் ஒன்றுதான் என்று நினைக்கிறோமே, அப்படி நினைக்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

இந்த வழக்கத்துக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஒட்டோமான் வீரர்கள் கழுத்தில் வாளை வைத்து 'மதம் மாறுகிறாயா?' என்று கேட்டபோது, பல்கேரியர்கள் தலையை ஆம் என்பதுபோல் ஆட்டி மனதுக்குள் இல்லை என்றார்களாம். எனக்கு நம்பிக்கை இல்லை. 'இல்லை' என்பதற்குக் கிரேக்கர்களும் துருக்கியர்களும்கூட முகவாயை மேலே தூக்குகிறார்கள். துருக்கியர் கழுத்தில் வாள் வைத்தது யார்?

பஸ்ஸை விட்ட கையோடு மகளிர் சந்தைக்குப் போனேன். பெயர்தான் அப்படி, எல்லோரும் வருகிறார்கள். ஒரு கடைக்கார அம்மாவிடம் சைகையால் தயிர் கேட்டேன். அவர் முகவாயைத் தூக்கி, நாக்கால் ஒரு 'ச்ச்' கொட்டினார். என் நிலையைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறாரே என்று நெகிழ்ந்து, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். தயிர் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்.

தங்கிய வீட்டில் வேறு விதமாக மாட்டினேன். காலையில் வீட்டுக்கார அம்மா பானிட்சா வைத்தார். மெல்லிய மாவு ஏடுகளுக்கு நடுவே முட்டையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்டது. கூடவே போஸா: தானியத்தைப் புளிக்கவைத்த பானம், சர்க்கரை போட்ட கூழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு துண்டு வேண்டுமா என்று ஜாடையில் கேட்டார். நம் ஊர்த் தலையாட்டல் ஒன்று போட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் நானே திணறுவேன். சரி, பார்க்கலாம், கேட்டுக்கொண்டிருக்கிறேன், உங்கள் மனசு நோக வேண்டாம், எல்லாமும்தான். அந்த அம்மாவுக்கோ அது அப்பட்டமான 'ஆம்'. மூன்றாவது துண்டின்போது "போதும்மா, போதும்மா" என்று கெஞ்சினேன். அப்போதும் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. வாய் சொன்னது தமிழ், தலை சொன்னது பல்கேரியன். நான்காவது துண்டு வந்தது.

மறுநாள் முதல் கழுத்தைப் பிடித்து வைத்துப் பழகினேன். வேண்டாம் என்றால் மேலும் கீழும். ஆனால் இளவட்டங்கள் வெளிநாட்டுக்காரனைப் பார்த்ததும் நமக்காகத் தங்கள் தலையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள். நான் அவர்கள் வழக்கத்தில், அவர்கள் என் வழக்கத்தில். ஒரு காபி வாங்கக் கால் மணி நேரம்.

கடைசியில் தலையையே நம்புவதில்லை, சொல்லை மட்டும் கேட்பது என்று முடிவெடுத்து, எல்லை தாண்டி கிரீஸின் தெசலோனிகிக்கு வந்தேன். ரயில் நிலையக் கவுண்டரில் ஏதென்ஸுக்கு இடம் இருக்கிறதா என்றேன். "நே" என்றார் அந்தப் பெண், தெளிவாக. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். அவர் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆமாம்.