தங்கவயலின் ஈரக்காற்று

மூடிய இடத்தின் காற்றில் மிகும் ஈரத்தை அடக்கும் முறை இன்று செடி வளர்க்கும் அறைகளையும் பசுமைக்குடில்களையும் ஒட்டியே பெரிதும் பேசப்படுகிறது. எனினும், அம்முறை தென்னிந்தியாவில் எங்கே, எதன் பொருட்டு வேரூன்றியது என்று பின்னோக்கித் தேடுவோர் கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களைத் தவிர்த்துச் செல்ல இயலாது. 1880 முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் மேற்பார்வையில் வளர்ந்த இச்சுரங்கங்கள், சாம்பியன் ரீஃப், உரிகம், மைசூர், நந்திதுர்க்கம் எனப் பல பெயர்களில் ஒரே தங்கப் படிவத்தைத் தொடர்ந்து சென்று, இறுதியில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டின. உலகின் ஆழமான சுரங்கங்களுள் அவை எண்ணப்பட்டதைப் பெருமையுடன் கூறுவோர், அந்த ஆழத்தில் மனிதர் மூச்சுவிட்ட காற்றைப் பற்றிக் குறைவாகவே கூறுகின்றனர்.

அக்காற்றின் வெம்மைக்குக் காரணங்கள் இரண்டு. ஆழம் கூடக் கூடப் பாறையின் வெப்பம் உயர்வது ஒன்று. கீழே இறங்கும் காற்று தன் மேலுள்ள காற்றின் எடையால் அழுத்தப்பட்டுத் தானாகவே சூடேறுவது மற்றொன்று. உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்திற்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் சூடேறும் என்பது இயற்பியல் விதியாதலால், 3 கிலோமீட்டர் இறங்கிய காற்று, பாறையைத் தொடாமலேயே, 30 டிகிரி அளவுக்கு வெப்பம் கூடியிருக்கும். இவ்வளவும் இயற்கையின் செயல். ஆனால் ஈரத்தின் பெரும்பகுதி மனிதர் கொண்டுவந்தது என்பதே இத்தேடலில் கருதத்தக்க செய்தி. பாறையைத் துளையிடும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து அதனை இறுகச்செய்யும் சிலிக்கோசிஸ் என்னும் நோய் தங்கவயலில் பரவலாக இருந்ததை 1940களில் நடந்த மருத்துவ ஆய்வுகள் உறுதிசெய்தன. அத்தூளை அடக்க, துளையிடும் இடத்திலும் உடைத்த கல்லின் மீதும் தண்ணீர் பாய்ச்சுவதைத் தவிர வேறு எளிய வழியில்லை. பாய்ச்சிய தண்ணீர் சூடான பாறையில் பட்டு ஆவியாகிக் காற்றை நிறைத்தது. நுரையீரலைக் காக்க விட்ட நீரே வியர்வை உலரும் வழியை அடைத்தது என்பதால், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து பாறைமுகத்தில் நின்ற தொழிலாளர்கள் இரண்டில் ஒரு துன்பத்தைத் தாங்கியே தீரவேண்டியிருந்தது. சுரங்க வரலாற்றில் இதற்குக் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறிது. கிடைக்கவேண்டியது மிகப் பெரிது.

வெப்பத்தைவிட ஈரமே உடலை வீழ்த்துகிறது என்ற அறிவு எங்கிருந்து வந்தது என்று தேடினால், தடம் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குச் செல்கிறது. தங்கவயலின் மேலாளர்களிலும் கண்காணிகளிலும் பலர் கார்ன்வாலின் தகரச் சுரங்கங்களில் பழகியவர்கள். அங்குள்ள டால்கோத் சுரங்கத்தில் கொக்கிப்புழு நோயை ஆராயச் சென்ற உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன், வெம்மையும் ஈரமும் நிறைந்த சுரங்கமே அப்புழுவின் குஞ்சுகள் வளர ஏற்ற இடமாக இருப்பதைக் கண்டதோடு, அதே சூழல் மனித உடலை என்ன செய்கிறது என்றும் அளந்தார். அவர் 1905இல் வெளியிட்ட முடிவு, சாதாரண வெப்பமானி காட்டும் அளவைக் கொண்டு உழைப்பாளியின் நிலையை அறிய முடியாது என்பதாகும். நனைந்த துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவே, அதாவது ஈரக்குமிழ் வெப்பநிலையே, உண்மையான அளவுகோல். அசையாத காற்றில் அது 31 டிகிரியைத் தாண்டினால் உடலின் வெப்பம் ஏறத் தொடங்குகிறது. காற்று வீசினால் மேலும் சில டிகிரி வரை தாங்கலாம். துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச்செல்வதால் குமிழ் குளிர்கிறது; காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் ஆவியாதல் நின்று குமிழும் குளிராது, வியர்த்த உடலும் குளிராது. உலர்ந்த குமிழையும் ஈரக்குமிழையும் அருகருகே வைத்து ஈரத்தை அளக்கும் கருவி 1820களிலேயே ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஃபெர்டினாண்ட் ஆகஸ்ட் வழியாகப் பரவியிருந்தது. வானிலையை அறியப் பயன்பட்ட அக்கருவியை உழைப்பவரின் உடலுக்குப் பொருத்திக் காட்டியதே ஹால்டேனின் அரிய பணி.

அளக்கத் தெரிந்த பின் மாற்றும் வழி தேவைப்பட்டது. 1902இல் நியூயார்க் புரூக்ளினில், ஈரத்தால் காகிதம் சுருங்கியும் விரிந்தும் வண்ணங்கள் விலகிப்போன ஓர் அச்சகத்திற்காக வில்லிஸ் கேரியர் வகுத்த முறை, காற்றைக் குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மீது செலுத்தி அதிலுள்ள நீரைப் பிரித்தெடுத்தது. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஒரு நிலையில் அதனால் தன் ஈரத்தைத் தாங்க முடியாமல் நீர் துளிகளாகப் படிகிறது. அந்த வெப்பநிலையே பனிநிலை எனப்படும். பனிநிலைக்குக் கீழே குளிர்வித்து நீரை வடித்து, மீண்டும் சூடேறவிட்டால் உலர்ந்த காற்று கிடைக்கிறது. இம்முறையிலான குளிரூட்டும் ஆலை 1920ஐ ஒட்டிப் பிரேசிலின் மோரோ வெல்யோ தங்கச் சுரங்கத்திலும், 1930களில் தென்னாப்பிரிக்காவின் ராபின்சன் டீப் சுரங்கத்திலும் கோலாரிலும் இடம்பெற்றது.

ஆலையைத் தரைமேல் நிறுவிக் குளிர்ந்த காற்றைக் கீழே அனுப்பினால், இறங்கும்போது அது மீண்டும் சூடேறிவிடுமே, பயன் என்ன என்ற ஐயம் எழுவது இயல்பு. விடை ஈரத்தில் இருக்கிறது. 5 டிகிரிக்குக் குளிர்ந்த ஒரு கனமீட்டர் காற்று 7 கிராம் அளவு நீராவியையே தாங்கும். 35 டிகிரியிலோ அதனால் ஏறத்தாழ 40 கிராம் வரை தாங்க முடியும். ஆகவே தரையில் நீர் வடிக்கப்பட்ட காற்று, அழுத்தத்தால் 30 டிகிரி சூடேறி அடியை அடைந்தாலும், வழியில் ஈரம் சேராதிருப்பின், தாங்கக்கூடிய ஈரத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கொண்டிருக்கும். இந்த விகிதமே ஒப்பு ஈரப்பதம். எஞ்சிய இடமெல்லாம் தொழிலாளியின் வியர்வையை ஏற்கக் காத்திருக்கும் இடம். மேற்பரப்பில் இயந்திரம் கொண்டு செய்யவேண்டிய மறு சூடேற்றத்தைச் சுரங்கத்தின் ஆழமே செய்து முடித்தது. இத்தகைய ஆலைக்கு வேண்டிய மின்சாரம் எளிதில் கிடைத்த இடமாகவும் தங்கவயல் இருந்தது. 1902இலேயே சிவசமுத்திரத்தின் காவிரி அருவியிலிருந்து மின்கம்பி அங்கு வந்து சேர்ந்திருந்தது.

சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. ஆனால் அதே கோலார் மாவட்டத்தின் பசுமைக்குடில்களில் குடைமிளகாயும் ரோஜாவும் வளர்ப்போர் எதிர்கொள்ளும் சிக்கல் அதே இயற்பியலைச் சார்ந்தது. வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதியை இலைகள் ஆவியாக வெளிவிடுகின்றன. இரவில் குடில் குளிரும்போது அந்த ஈரம் பனிநிலையை எட்டி இலைமேல் துளியாகப் படிய, சாம்பல் பூஞ்சணம் பற்றுகிறது. கூரையின் மேல்திறப்பு வழியே ஈரக்காற்றை வெளியேற்றுவது எளிய வழி. முற்றிலும் மூடிய அறையில் ஈரநீக்கிக் கருவி காற்றைக் குளிர்வித்து நீரை வடித்து, தன் வெப்பச் சுருளால் அதனை மீண்டும் சூடாக்கி வெளிவிடுகிறது. வெறும் குளிரூட்டலால் பயனில்லை என்பதும், நீர் வடிந்த பின் வெப்பம் திரும்பச் சேர்ந்தால்தான் காற்று உலர்கிறது என்பதும், இக்கருவியை வாங்குவோர் முதலில் கேட்டறிய வேண்டியவை.