ஒரு படத்துக்கு என்ன விலை?

ஹோசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையிலுள்ள இராயக்கோட்டை மலை, படம் எழுதுகிறவர்களுக்கும் படம் பிடிக்கிறவர்களுக்கும் நெடுங்காலமாக முகம் காட்டி வந்திருக்கிறது. 1792-ல் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் இவ்வழியே வந்து அதைச் சித்திரமாக எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு லின்னேயஸ் டிரைப் என்னும் பட்டாளத்து அதிகாரி காமிராவுடன் வந்தார். இராயக்கோட்டையையும் அந்நாளைய சேலம் ஜில்லாவின் மற்றச் சில இடங்களையும் அவர் பிடித்த படங்கள் 1858-ல் ஆல்பமாக வெளிவந்தன.

இந்த டிரைப் ஆரம்பத்தில் நம்மைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்தாம். வயிற்றுக்குப் பட்டாள உத்தியோகம், மனத்துக்குக் காமிரா. 1854-ஆம் ஆண்டின் இறுதியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைத் தம் சொந்த ஆசைக்காகவே படம் பிடித்தார். 1856-ல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்துச் சம்பளமும் கொடுத்தது. 1859-ல் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவெல்யனோ, அரசாங்கக் கஜானாவுக்கு இது கட்டாது என்று அந்த ஏற்பாட்டையே நிறுத்திவிட்டார். ஆகவே, ஒரு படத்துக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி நம் பக்கத்துக்குப் புதியதன்று.

அந்தக் கேள்வி சென்ற மழைக்காலத்தில் நம் வீட்டு வாசலுக்கும் வந்தது. நாம் வாரத்தில் ஆறு நாள் ஹோசூரில் ஓர் ஆலையில் கணக்கெழுதுகிறவர். ஏழாம் நாள் காமிரா. கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போது தென்பெண்ணை நீர் வெண்ணுரையாகப் பொங்குவதை நேயர்கள் அறிந்திருப்பார்கள். பார்வைக்குப் பாற்கடல், உண்மையில், எல்லைக்கு அப்பால் பெங்களூருப் பக்கத்திலிருந்து வந்து சேரும் சாக்கடையும் ஆலைக் கழிவுமே அந்த நுரைக்குக் காரணம். நுரை வயலோரம்வரை ஏறி நிற்க, ஒரு குடியானவர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வரப்பில் நடக்கிறார். அந்தப் படத்தை ஒரு பத்திரிகை கேட்டது.

"சன்மானம்?" என்றோம்.

"பொதுநன்மைக்கான விஷயம், ஸார். உங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறோம்" என்று பதில் வந்தது.

பொதுநன்மை என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் நாக்குக் கூசத்தான் செய்யும். நமக்கும் கூசிற்று. ஆனால் அதே இதழுக்குக் காகிதம் விற்றவர் பொதுநன்மைக்காக விற்கவில்லை. அச்சுக்கோத்தவரும் கட்டுச் சுமந்தவரும் கூலி வாங்கிக்கொண்டார்கள். படம் எடுத்தவன் ஒருவன் மட்டுமே தியாகியாக வேண்டும் என்பது என்ன நியாயம்?

பெயர் விஷயமும் அப்படியே. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்தவரே அதன் ஆசிரியர்; பிறர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமாகவோ, உத்தியோகத்தின் பகுதியாக எடுத்த படமாகவோ இல்லாவிட்டால் முதல் உரிமையாளரும் பொதுவாக அவரே. இது தம் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, மற்ற உரிமைகளை விற்ற பின்பும் அவரை விட்டுப் போவதில்லை. அப்படியிருக்கப் பெயர் போடுவதைச் சன்மானமாகக் காட்டுவது, கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிற கதையல்லவா?

விலை கேட்பதென்று முடிவு செய்தோம். ஆனால் எவ்வளவு? நம் தெருக்கோடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பரிடம் போனோம். கல்யாணப் படங்களை உறவினர்களே கைப்பேசியில் எடுத்துக்கொள்வதால், அவருக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பாஸ்போர்ட் அளவுப் படங்கள்தாம். அவர் சிரிக்காமல் சொன்னார்: "உங்களுக்கு முதல் தேதி சம்பளம் வந்துவிடும், ஸார். நீங்கள் சும்மா கொடுத்தால், நாளைக்கு அவர்கள் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்?"

அந்த வார்த்தை நமக்குத் தைத்தது. நாம் வேடிக்கைக்காகச் செய்வது அவருக்கு அடுப்பெரியும் விஷயம். அணைவரை போய் அரை நாள் நின்று படம் எடுத்துவர அவர் கேட்கும் கூலி 3,000 ரூபாய். பொழுதுபோக்குக்காரன் என்பதற்காக அதைவிடக் குறைவாக நாம் தொடங்கலாகாது என்று தீர்மானித்தோம்.

பிறகு பத்திரிகைக்குச் சில கேள்விகள் எழுதினோம். அட்டைக்கா, உள்பக்கத்துக்கா? ஒரு முறையா, பல முறையா? அச்சில் மட்டுமா, இணையத்திலுமா? வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்ற நிபந்தனை உண்டா? விலை ஏறுவதும் இறங்குவதும் இவற்றைப் பொறுத்தது. உள்பக்கத்தில் ஒரு முறைக்கு 3,000, அட்டையானால் இரு மடங்கு, விளம்பரத்துக்குக் கிடையாது, படத்தின் உரிமை நம்மிடமே இருக்கும். எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டோம். சட்டமும் எழுத்தைத்தான் கேட்கிறது. கால அளவு எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் அதுவே வைத்துக்கொள்ளும்.

இரண்டு நாள் மௌனம். மூன்றாம் நாள், கால் பக்க அளவில் ஒரே முறை போட 2,500 தருவதாகக் கடிதம் வந்தது. அளவு சிறியதாகையால் சம்மதித்தோம். பணம் வந்தது, பெயரும் வந்தது.

அதே படத்தை ஆற்றோரக் கிராமத்தார் கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவோடு இணைக்கக் கேட்டார்கள். ஒரு காசு வாங்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கும் அப்படியே கொடுத்தோம். மனு எழுதியவரோ, கண்காட்சி வைத்த உபாத்தியாயரோ அதில் கூலி பெறவில்லை, நாமும் பெறவில்லை. எல்லாரும் கூலி பெறும் இடத்தில் நாமும் பெறுகிறோம். இதுதான் நாம் கண்டுபிடித்த கணக்கு.

நேயர்களில் யாரிடமாவது நாளை ஒரு பத்திரிகை படம் கேட்கக்கூடும். சந்தோஷத்தில் உடனே தலையாட்டிவிட வேண்டாம். முதலில் உங்கள் ஊர் ஸ்டூடியோக்காரரிடம் போய், அவர் கூலி என்ன என்று விசாரியுங்கள். பேரம் அங்கிருந்து தொடங்கட்டும்.