இதயத்தைக் காக்கும் வேளையில்

நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர்களுக்குத் தண்ணீர் குடிப்பதே ஒரு தொல்லை. குடித்தால் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் சரக்கு தாமதப்படும். முப்பது ஆண்டுகள் அவ்வாறு ஓடிய என் அண்ணனுக்குச் சர்க்கரை நோயும், இடுப்பு வலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளும் துணையாயின. சென்ற கோடையில் நெஞ்சுவலி கண்டது. ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டும் என்றார் சேலத்து மருத்துவர்.

அண்ணன் மறுத்தார். "அந்த மருந்தை ஏற்றினால் கிட்னி போய்விடுமாமே! டயாலிசிஸ் செய்துகொண்டு கிடப்பதைவிட இப்படியே போய்விடலாம்" என்றார். அண்ணி கண் கலங்கி நின்றார்கள்.

அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. இதயக் குழாய்களின் உட்புறம் எக்ஸ்ரேயில் தானாகத் தெரிவதில்லை. அயோடின் கலந்த சாய மருந்தைச் செலுத்தினால்தான் அடைப்பு புலப்படும். 1958-இல் அமெரிக்க மருத்துவர் மேசன் சோன்ஸ் தொடங்கி வைத்த முறை இது. அம்மருந்தைக் கழிக்கும் பொறுப்பு சிறுநீரகங்களுடையது. நலமானவை அதனைப் பெரும்பாலும் ஒரு நாளில் வெளியேற்றிவிடும். முன்பே நலிந்தவையாயின் அவற்றின் நுண்குழல்கள் ஊறுபடக்கூடும். இரண்டு மூன்று நாள்களில் இரத்தத்தில் கிரியாட்டினின் உயரும். பெரும்பாலோர்க்கு ஓரிரு வாரங்களில் தணியும். டயாலிசிஸ் வரை செல்வோர் மிகச் சிலரே.

அண்ணனின் கிரியாட்டினின் 1.7. மருத்துவர் சினம் கொள்ளாமல், "ஐயா, சிறுநீரகத்துக்கு இரத்தம் அனுப்புவதும் இந்த இதயந்தானே?" என்று கேட்டார். அண்ணன் இசைந்தார். வலி மாத்திரைகள் நின்றன. மெட்ஃபார்மினையும் நிறுத்தி, 48 மணி நேரத்துக்குப் பின் இரத்தம் பார்த்தே தொடரச் சொன்னார். முன்னும் பின்னும் உப்புநீர் ஏற்றினார்கள். சாயம் குறைவாகச் செல்லட்டுமென்று படம் ஒரு நாளிலும் ஸ்டென்ட் மற்றொரு நாளிலுமாக வைத்தார்கள். முன்பு பெரிதும் நம்பப்பட்ட அசிட்டைல்சிஸ்டீன் மருந்தால் தனிப்பயன் இல்லை என்பதை 2017-இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது.

மூன்றாம் நாள் கிரியாட்டினின் 2.1 ஆயிற்று. வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை. பத்தாம் நாள் 1.8-க்கு இறங்கியது. பழைய அளவுக்கு முழுதும் திரும்பவில்லை. ஆயினும் அண்ணன் நம்மோடு இருக்கிறார்.

வாசக அன்பர்களே, மாரடைப்பு நேர்ந்துவிட்டால் காத்திருக்கவோ வாதிடவோ நேரமில்லை, உயிரே முதன்மை. அவகாசம் உள்ளபோது சர்க்கரை, கிரியாட்டினின் அளவுகளையும் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீர் எவ்வளவு பருகலாம் என்று கேட்டறியுங்கள். இதயம் நலிந்தவர்க்கு மிகையான நீரும் தீங்கே. வீடு திரும்பிய பின், சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் செல்லுங்கள்.