கையுறை போட்ட கிழவன்

போன வாரம் சந்தைக்குப் போயிருந்தேன். வண்டியை மரத்தடியில் நிறுத்தி இறங்கியதும் பழைய நண்பர் ஒருவர் என் கைகளைப் பார்த்துவிட்டு, "என்ன சார், எந்த வீட்டுல கன்னம் வைக்கப் போறீங்க?" என்று கேட்டுச் சத்தமாகச் சிரித்தார். தேங்காய் வாங்க வந்தவர்கள் நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சிரித்ததில் தப்பே இல்லை. எழுபத்து நான்கு வயதுக் கிழவன். வண்டியோ டிவிஎஸ் எக்ஸ்எல். இடுப்பில் வேட்டி, காலில் ரப்பர் செருப்பு, தலையில் ஹெல்மெட், கையில் மட்டும் பந்தயம் ஓட்டுகிறவன் போல கறுப்புக் கையுறை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். சிரித்த நண்பருக்கு அங்கே நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. சாவகாசமாக இங்கே சொல்கிறேன்.

இந்தக் கதை என் அக்கா மகனிடம் தொடங்குகிறது. அவன் பாரீஸுக்குப் பக்கத்தில் இருக்கிறான். புதுச்சேரிக்காரர்கள் பலருடைய குடும்பத்தைப் போல எங்கள் குடும்பத்திலும் பாதி அங்கே, பாதி இங்கே. நான் பிரெஞ்சுப் பாடசாலையில் படித்தும் இங்கேயே குமாஸ்தா வேலையில் உட்கார்ந்துவிட்டேன். பணி ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான காரிமங்கலத்துக்கே வந்துவிட்டேன் என்பதை முன்பே எழுதியிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்த அக்கா மகன், நான் வெறுங்கையோடு எக்ஸ்எல் ஓட்டுவதைப் பார்த்துப் பதறிப்போனான். "மாமா, எங்க ஊர்ல இப்படிப் போனா போலீஸ் பிடிச்சிடும்" என்றான்.

நான் நம்பவில்லை. பழக்கதோஷம், அரசாணையைக் காட்டு என்றேன். காட்டினான். பிரெஞ்சில்தான் இருந்தது, ஐம்பது வருஷம் துருப்பிடித்த மொழியை மெல்ல மெல்லத் தட்டிப் படித்தேன். 2016 நவம்பர் 20 முதல் அந்த நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரும் பின்னால் உட்காருகிறவரும் தரச்சான்று பெற்ற கையுறை போட்டே ஆகவேண்டும். இல்லையென்றால் 68 யூரோ அபராதம். ஓட்டுகிறவருக்கு உரிமத்தில் ஒரு புள்ளியும் குறையும். நம் மோட்டார் வாகனச் சட்டம் தலைக்கவசத்தோடு நின்றுவிடுகிறது. கையைப் பற்றி அதில் பேச்சே கிடையாது.

ஊருக்குத் திரும்பியதும் அவன் எனக்கு ஒரு ஜோடி அனுப்பி வைத்தான். கனமான மாட்டுத்தோல், முட்டிகளின் மேல் கெட்டியான ஓடு, உள்ளே பஞ்சு மாதிரி ஒரு மெத்தை. அருமையான பொருள். ஆனால் அது அவர்கள் ஊர்க் குளிருக்குத் தைத்தது. போட்டுக்கொண்டால் சாவியை எடுக்க முடியாது, பெட்ரோல் குழாயைத் திருப்ப முடியாது, சட்டைப் பையில் இருக்கும் பத்து ரூபாய் நாணயத்தைத் தொட்டு உணர முடியாது. பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியாது. ஒவ்வொரு கடை முன்னாலும் கழற்றி, உள்ளே ஊறிய வியர்வையோடு மறுபடி போடுவது ஈரச் சட்டையை மாட்டுவது போல. முதல் வாரம் போட்டேன். இரண்டாம் வாரம் போகும்போது மட்டும் போட்டேன். மூன்றாம் வாரத்திலிருந்து அது வண்டியின் முன்னால் தொங்கும் பையிலேயே பயணம் செய்தது.

நான் விழுந்த அன்றும் அது பையில்தான் இருந்தது.

போன வருஷம் புரட்டாசி. பொன்னுருகக் காயும் என்பார்களே, அப்படி ஒரு வெயில். சர்வீஸ் ரோட்டில் ஏதோ ஒரு லாரி எம்-சாண்ட் சிந்திக்கொண்டு போயிருக்கிறது. திருப்பத்தில் முன்சக்கரம் அந்த மணலில் ஏறி வழுக்கியது. வேகம் முப்பதுக்கு மேல் இருக்காது. விழும்போது மனிதன் யோசிப்பதில்லை, இரண்டு கையையும் முன்னால் நீட்டுகிறான். நானும் நீட்டினேன். தலை தப்பியது, முழங்காலில் சிராய்ப்பு. இரண்டு உள்ளங்கையும் கட்டைவிரல் நுனி வரை தோல் உரிந்து, மணல் அப்பி, பார்க்கவே கூடாதபடி இருந்தது.

ஆஸ்பத்திரியில் மணலைத் தேய்த்துக் கழுவி எடுத்தபோது எனக்கு என் தாயார் ஞாபகம் வந்தது. அதைவிட இன்னொன்றைத்தான் மறக்க முடியவில்லை. கட்டைவிரலை விரித்து மேலே தூக்கினால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம், ஒரு சின்னக் குழி விழுமே, அந்த இடத்தில் டாக்டர் அழுத்தி, "இங்க வலிக்குதா?" என்று கேட்டார். அந்தக் குழிக்கு மருத்துவத்தில் பொடி டப்பி என்றே பெயராம். பிரெஞ்சிலும் தபாத்தியேர் என்று அதையேதான் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே பொடியை வைத்து உறிஞ்சுவார்களாம். எங்கள் சூப்பரின்டென்டென்ட் மேசைக்குப் பின்னால் தலையைக் குனிந்து சரியாக அந்தக் குழியில்தான் ஒரு சிட்டிகை வைப்பார். வலிக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

குழிக்கு அடியில் ஓடம் போன்ற ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு அது முறிவதுண்டு. அதற்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருவதால், நடுவில் முறிந்தால் மணிக்கட்டுப் பக்கத் துண்டு பட்டினி கிடக்கும். கூடுவதற்கு மாதக்கணக்காகும், சிலருக்குக் கூடாமலே போகும். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம் என்பதால் டாக்டர் கட்டுப்போட்டு அனுப்பி, பத்து நாள் கழித்து மறுபடி படம் எடுத்தார். முறியவில்லை. அந்தப் பத்து நாளும் நான் தூங்கியதாக ஞாபகமில்லை. நாற்பது வருஷம் எழுதியே சாப்பிட்ட கை அது.

மூன்று வாரம் மனைவி சோறு ஊட்டினாள். அது பரவாயில்லை. நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கப் போனபோதுதான் வேறு வேதனை. விரலை வைத்தால் கருவி ஏற்கவில்லை. வலது கட்டைவிரல், இடது, ஆள்காட்டி, எல்லாம் பார்த்தாயிற்று. அடிபட்ட விரல்களில் புதுத்தோல் வழவழவென்று இருந்தது, மற்றவற்றில் வயது ரேகையைத் தேய்த்திருந்தது. அங்கிருந்த பையன், "தாத்தா, நாளைக்கு வாங்க, கையில தேங்காய் எண்ணெய் தடவிட்டு வாங்க" என்றான். நல்ல பையன்தான். ஆனால் அந்த 'நாளைக்கு வாங்க' எனக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. என்னுடைய குரல்தான். நான் சர்வீஸில் இருந்த காலத்தில், பெருவிரல் ரேகை தெளிவாக விழவில்லை என்று ஒரு குடும்ப ஓய்வூதியக்காரப் பாட்டியை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். வயலில் வேலை செய்து தேய்ந்த கை. அந்தம்மாளின் முகம் இப்போது சரியாக நினைவில்லை, விரல் மட்டும் நினைவிருக்கிறது. கடைசியில் பேரனின் செல்போன் என் முகத்தைப் பார்த்து நான் உயிரோடிருப்பதை ஒப்புக்கொண்டது.

அதன் பிறகுதான் கையுறையை ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன். தேடலில் பாதி, அந்த ஐரோப்பியச் சான்றைப் புரிந்துகொள்வது. கையுறைக்குள் ஒரு துணித்துண்டு தைத்திருக்கும். மோட்டார் சைக்கிள்காரன் படம், இ.என். 13594 என்ற எண், அதன் கீழே 1 அல்லது 2. உள்ளங்கைத் தோலைச் சொரசொரப்பான பட்டையில் தேய்த்துப் பார்க்கும் சோதனையில், ஓட்டை விழாமல் 4 விநாடி தாங்கினால் முதல் நிலை, 8 விநாடி தாங்கினால் இரண்டாம் நிலை. பக்கத்தில் கே.பி. என்று இருந்தால் முட்டிக்கும் காப்பு உண்டு என்று பொருள்.

நாலு விநாடியா, இவ்வளவுதானா என்று எனக்கும் தோன்றியது. பேரன் கணக்குப் போட்டுக் காட்டினான். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு எட்டு மீட்டருக்குச் சற்று மேல். தார் ரோட்டில் சறுக்கும் உடம்பு இரண்டு விநாடிக்குள் நின்றுவிடும். 80 கிலோமீட்டரில் போனால் மூன்று விநாடியைத் தாண்டும். ஆய்வகப் பட்டையும் நம் ரோடும் ஒன்றல்ல, இருந்தாலும் என் எக்ஸ்எல்லுக்கு முதல் நிலை போதும். பெங்களூருக்கு நெடுஞ்சாலையில் போய்வருகிற பேரனுக்குப் போதாது. அதைச் சொன்னதும் அவன் பேச்சை மாற்றினான். விடவில்லை, அவனுக்கு இரண்டாம் நிலை வாங்க வைத்தேன்.

இன்னொரு சோதனை வீட்டிலேயே செய்தேன். மருமகள் ஸ்கூட்டியில் போகும்போது வெயிலுக்காக முழங்கை வரை ஒரு பருத்தி உறை போடுவாள். அதில் ஒன்றை எடுத்துத் துணி துவைக்கிற கல்லில் நாலு தேய்ப்பு தேய்த்தேன். ஓட்டை. அக்கா மகன் அனுப்பிய தோலைத் தேய்த்தேன், நிறம் மட்டும் வெளுத்தது. என் கண்டுபிடிப்பைச் சொல்லப் போனால் மருமகள், "அது புது கிளவுஸ் மாமா!" என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. விரல் பாதி திறந்த கையுறையும் அப்படித்தான், பார்க்க அழகு. ரோட்டில் முதலில் உரசுவது எதுவோ அதைத் திறந்து வைத்திருக்கிறது.

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் பேரன் நாலு ஜோடி பார்த்து ஒன்று எடுத்துவந்தான். புறங்கைப் பக்கம் காற்று புகும் வலைத்துணி, உள்ளங்கையில் ஆட்டுத்தோல். வெள்ளாட்டுத் தோல் மெல்லியதாக இருந்தும் உறுதியானது. செம்மறியின் தோல் மிருதுவாக இருக்கும், ஆனால் சீக்கிரம் கிழியும். உள்ளங்கையின் அடிப்பாகத்தில், மணிக்கட்டுக்கு மேலே, வழவழப்பான கெட்டிப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று தைத்திருக்கிறது. அதுதான் எனக்கு முக்கியம். வெறும் தோல் ரோட்டைப் பற்றிக்கொள்ளும். பற்றியதும் உடம்பின் பாரம் முழுக்க அந்த ஓட எலும்பில் இறங்கும். வழுக்குகிற துண்டு இருந்தால் கை நின்றுவிடாமல் சறுக்கிப் போகும்.

அளவு விஷயத்தில் முதலில் ஏமாந்தோம். கட்டைவிரலை விட்டுவிட்டு, முட்டிகளைச் சுற்றி டேப் வைத்து அளக்கவேண்டும். எத்தனை அங்குலமோ அதுதான் பெரும்பாலும் அளவு எண். எனக்கு எட்டு. பேரன் தாராளமாக இருக்கட்டுமென்று ஒன்பது வாங்கி, மாற்றப் பெங்களூருக்குத் திரும்பப் போனான். இந்த அளவு எண் முறைக்கு வழிவகுத்தவர் கிரெனோபிள் நகரத்துக் கையுறைக்காரர் சேவியே ஜூவேன், 1834இல். அதுவரை அவரவர் கைக்குத் தனித்தனியாக வெட்டித் தைத்தார்களாம். பொருத்தமான எதையும் 'கையுறை போல' என்று சொல்வது பிரெஞ்சுக்காரர்கள் வழக்கம். பள்ளியில் அதை மனப்பாடம் செய்த எனக்கு அர்த்தம் இப்போதுதான் கைக்கு எட்டியது.

போட்டுப் பார்க்கும்போது ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்க்கவேண்டும், வெறுமனே விரித்துப் பார்த்தால் போதாது. பிடித்தால் உள்ளங்கையில் துணி சுருண்டு மடியக்கூடாது, விரல் நுனியில் தையல் குத்தக்கூடாது. பிறகு மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிவிட்டு யாரையாவது விரல்களைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். என் பேத்தி காலை ஊன்றி இழுத்தாள், வரவில்லை. விழுகிற நேரத்தில் கழன்று பறக்கிற கையுறை என்ன விலையாக இருந்தால் என்ன?

குறை இல்லாமல் இல்லை. முட்டிக்குக் கெட்டி ஓடு கிடையாது. மழையில் ஐந்து நிமிஷம் தாங்காது. முதல் மாதம் வியர்வையில் சாயம் விட்டு உள்ளங்கை கறுத்தது. மனைவி சாப்பாட்டுக்கு முன் இரண்டு முறை கழுவ வைத்தாள். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயப் போடுகிறேன், வெயிலில் போட்டால் தோல் அப்பளம் போல ஆகிவிடும். ஆனால் நாணயம் எடுக்க முடிகிறது. பிரேக் கைக்குத் தெரிகிறது. ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட அது பைக்குள் போகவில்லை. அக்கா மகன் கொடுத்த கனமான ஜோடியை மார்கழி விடியலில் பால் வாங்கப் போகும்போது மட்டும் போடுகிறேன். அந்தப் பனிக்கு அதுதான் சரி. அவனிடம் இதைச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளவில்லை.

சந்தையில் சிரித்த நண்பரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். டீ குடிக்கும்போது அவர் என் கையைத் திருப்பி உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பக்கத்துத் தையல் கடையில் டேப் கேட்டு வாங்கி வந்து, தன் கையை என் முன்னால் நீட்டினார். அவருக்கு ஒன்பது.