கவுதாரி பிடித்த கதை

1967, பங்குனி மாதம். டைபாய்டில் படுத்து எழுந்த என் தம்பி, சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக் கொள்வான். "கவுதாரி ரசம் வெச்சுக் குடுங்க, தெம்பு வரும்" என்றாள் பாட்டி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறியை நிறுத்திவிட்டு மாமா கிளம்பினார். ஒன்பது வயசு நானும் தொற்றிக் கொண்டேன்.

பாலாற்றங்கரைப் புதரில், பழக்கிய ஆண் கவுதாரியைக் கூண்டோடு வைத்து, சுற்றிலும் கண்ணி விரித்தார். ஜோடி சேரும் பருவம். கூண்டுப் பறவை கூவினால் சண்டைக்கு வேறொன்று ஓடி வரும். வந்தது! எனக்கோ தும்மலும் வந்தது. "உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு!" என்று தலையில் அடித்துக் கொண்டார்.

மறுநாள் இன்னும் மோசம். தீனி போட்ட நான் கூண்டைச் சரியாகச் சாத்தவில்லை. பழக்கிய பறவையே பறந்துவிட்டது! மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு அழுகையாக வந்தது.

மூன்றாம் நாள், சொன்னால் சிரிப்பீர்கள், மாமாவே வாயால் கூவினார். மாட்டியதே ஒன்று!

தம்பி ரசம் குடித்தான். ராத்திரி சோறும் கேட்டான். ரசம் செய்த வேலையோ, ஜுரம் விட்டபின் தானாக வரும் பசியோ, யார் கண்டது? 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டப்படி கவுதாரி பிடிப்பது குற்றம். பேரனுக்குக் காய்ச்சல் விட்டால் நான் குழைந்த பருப்புச் சாதம்தான் பிசைகிறேன்.

காலிக் கூண்டில் அத்தை ரொம்ப நாள் நூல் கண்டுகளைப் போட்டு வைத்திருந்தாள்.